பழைய பக்கியில் துருவும் ஒழுகலும்

கேள்வி, டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி: "அண்ணே, என்னிடம் 1996 மாடல் நிஸ்ஸான் 1400 பக்கி இருக்கிறது. மழை பெய்தால் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கிறது. கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளிக்கிறது. அடி முழுக்கத் தார் அடித்து, முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசிவிட்டால் பத்து வருஷம் கவலையில்லை என்கிறார் எங்கள் தெருவில் வண்டி பாடி வேலை செய்கிற பேனல் பீட்டர். செய்யலாமா?"

11 ஜனவரி

செய்யாதே தம்பி. இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், காரணத்தை ராத்திரி எழுதுகிறேன். அதற்குள் தரை மேட்டைத் தூக்கி வெயிலில் போடு. மேட்டுக்கு அடியில் சணல் மெத்தை மாதிரி ஒன்று இருக்கும், அதையும் சேர்த்து.

11 ஜனவரி, இரவு

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு: பிக்கப் வண்டிக்குத் தென்னாப்பிரிக்காவில் பக்கி என்றுதான் பேர். நிஸ்ஸான் 1400 என்றால் இங்கே எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். 1980இல் வந்தது, 2008 வரை பிரிட்டோரியா பக்கத்தில் ரோஸ்லினில் கட்டினார்கள். எஞ்சின் லேசில் சாகாது. சாவது பாடிதான்.

தார் விஷயத்துக்கு வருவோம். புத்தம்புது தகட்டில் அடித்தால் தார் நல்லதுதான். ஆனால் கிட்டத்தட்ட முப்பது வருஷ வண்டியின் இடுக்குகளில் ஏற்கெனவே துருவும் உப்பும் குடியிருக்கின்றன. அதன்மேல் தார் அடித்தால் கொஞ்ச நாளில் அது இறுகி, முடி கனத்துக்கு விரிசல் விடும். விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. மேலே பார்த்தால் கருப்பாக மினுமினுக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் ஈர பிஸ்கட்டில் இறங்குவதுபோல இறங்கும். பேனல் பீட்டருக்கு இது தெரியாது என்று நினைக்காதே. தார் அடிக்க அரை நாள் போதும், துருவை வெட்டி எடுக்க ஒரு வாரம் ஆகும். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது.

உப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் டர்பன் கோடை ராத்திரிகளில் ஈரப்பதம் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதனால் மழையே பெய்யாவிட்டாலும் உப்பு ஒட்டிய இடுக்கு நனைந்தேதான் கிடக்கும். துருவுக்கு இரும்பு, நீர், காற்று மூன்றும் வேண்டும், உப்பு வேலையை வேகப்படுத்தும். ஜோஹன்னஸ்பர்க்கில் இருபது வருஷம் தாங்குகிற தகடு, பிளஃப் பக்கம் கடலைப் பார்த்து நின்றால் பாதிக் காலத்திலேயே ஓட்டை விழும்.

சுருக்கமாக என் கட்சி இது: பழைய பக்கியில் தண்ணீர் நுழைவதை முழுக்க நிறுத்த முடியாது, அது போகிற வழியைத் திறந்து வைக்கலாம். அந்த வண்டியைக் கட்டியவர்களே கதவுக்குள் தண்ணீர் இறங்கும் என்று தெரிந்துதான் கீழே துளை விட்டிருக்கிறார்கள்.

13 ஜனவரி

"எந்தத் துளை?" என்று தம்பி கேட்டிருக்கிறார். கதவைத் திறந்து, குனிந்து, கதவின் அடி விளிம்பைப் பார். சின்னச் சின்ன நீள்துளைகள் தெரியும். ஜன்னல் கண்ணாடி வழியாக இறங்குகிற மழை நீர் அதில்தான் வடிய வேண்டும். பெரும்பாலும் மண் அடைத்திருக்கும், இல்லையென்றால் முன்பு யாராவது பெயிண்ட் அடிக்கும்போது மூடியிருப்பார்கள். சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்று போதும். முனையைக் கொஞ்சம் மழுக்கிக்கொள், உள் பெயிண்டைக் கீறிவிடக் கூடாது.

என் வண்டி அப்பாவின் 1989 மாடல். மெர்பேங்கிலிருந்து வார்விக் எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குக் கொத்தமல்லி, கீரை, மதும்பி என்கிற சேப்பங்கிழங்கு ஏற்றிக்கொண்டு போய்வருகிற வண்டி. இடது கதவுத் துளையில் முதல்முறை கம்பியை விட்டபோது காப்பிக் கலரில் தண்ணீர் கொட்டியது. அப்புறம் கருப்புச் சேறு. சேற்றுக்குள் வெள்ளையாக முளைவிட்ட ஏதோ விதை. கதவுக்குள் தோட்டம் போட்டிருக்கிறேன் என்று மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதே மாதிரி கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற பெட்டி, அதான் சில், அதன் அடியிலும் துளைகள் உண்டு. உனக்குப் பெயிண்ட் கொப்பளிக்கிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன். கொப்பளம் வெளியே தெரிகிறதென்றால் துரு உள்ளேயிருந்து வந்துகொண்டிருக்கிறது. வெளியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பெயிண்ட் அடித்தால் அடுத்த தீபாவளிக்குள் மறுபடி வரும்.

14 ஜனவரி

ஸ்போக் இல்லையென்றால் கேபிள் டை. குச்சி வேண்டாம், உள்ளே ஒடிந்து அதுவே அடைத்துக்கொள்ளும்.

18 ஜனவரி

ஒழுகலைக் கண்டுபிடிக்கிற முறை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் தெரிய வேண்டியது, தண்ணீர் சொட்டுகிற இடமும் நுழைகிற இடமும் ஒன்றாக இருக்காது. கண்ணாடி மூலையில் நுழைந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து, பெடல் பக்கம் விழும். பார்க்கிறவர் பெடல் பக்கம் ஓட்டை என்பார்.

வண்டிக்குள் ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். தரையில் செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள், ஈரம் பட்ட இடம் உடனே நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். வெளியே இன்னொருவர் ஹோஸ் பைப்பில் நீரை மெதுவாக விட வேண்டும். பீய்ச்சி அடித்தால் மழையில் ஒழுகாத இடமெல்லாம் ஒழுகும், அதை நம்பி வேலை செய்தால் காசுதான் வீண். கீழிருந்து மேலே போங்கள்: முதலில் கதவின் கீழ்ப்பாதி, அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற காற்று ஜன்னல், அப்புறம் கண்ணாடியின் கீழ் விளிம்பு, மேல் விளிம்பு, கடைசியில் கூரை ஓர வாய்க்கால். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து பத்து நிமிஷம் நில்லுங்கள். மேலேயிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது.

ஹீட்டர் உள்ள வண்டியென்றால், தரையில் நிற்பது வழவழப்பாக, இனிப்பு வாசனையோடு இருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் அது மழையில்லை, ஹீட்டரிலிருந்து ஒழுகுகிற கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், விஷம். நாய் பூனை நக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

19 ஜனவரி

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒருவர், "உள்ளே உட்கார ஆள் கிடைக்கவில்லை, மாமியாரை உட்கார வைக்கலாமா?" என்று கேட்கிறார். வைக்கலாம். முதலில் ஜன்னலை ஏற்றிவிடுங்கள்.

25 ஜனவரி

ஃபீனிக்ஸ் தம்பி பரிசோதித்துவிட்டார். கண்ணாடி ரப்பர் ஒழுகவே இல்லை! கண்ணாடிக்கு முன்னால், வைப்பர் கீழே இருக்கிற காற்று ஜன்னலில் நீர் விட்டதும் பெடல் பக்கம் கொட்டியிருக்கிறது. சிலிக்கான் பூசியிருந்தால் காசும் போயிருக்கும், ஒழுகலும் நின்றிருக்காது.

அந்தக் காற்று ஜன்னலுக்குக் கீழே ஒரு தொட்டி மாதிரி இருக்கும். மழை நீர் அதில் விழுந்து இரண்டு பக்கமும் வடிந்து சக்கரத்துக்குப் பின்னால் வெளியேற வேண்டும். அவர் வண்டி மாமரத்தடியில் நிற்கிறது. இலை மக்கி, மேலே கரும்புச் சாம்பல் சேர்ந்து தொட்டி நிரம்பியிருக்கிறது. கரும்புக் காட்டைக் கொளுத்துகிற காலத்தில் வடக்குக் கடற்கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், காயப்போட்ட துணியில் கருப்பு இழை இழையாக வந்து விழுமே, அதே சாம்பல்தான். ஈர இலையோடு சேர்ந்தால் பஞ்சு மாதிரி நீரைப் பிடித்துக்கொண்டு தகட்டைத் தின்னும்.

தம்பி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சு, அப்புறம் மெல்லிய நீர் விட்டு வடிகிறதா பார். வடிந்தும் உள்ளே கொட்டினால் தொட்டியின் தகட்டிலேயே ஓட்டை. அதற்கு ஃபெண்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

3 பிப்ரவரி

காவடி வேலையில் இருந்தேன், பதில் போட முடியவில்லை. பக்கியும் விரதம்தான், ஆனால் பால் குடமும் இளநீரும் பின்தொட்டியில் கொட்டிக் கொண்டாடிவிட்டது. பால் காய்ந்தால் நாற்றம் மட்டும்தானே என்று விடாதீர்கள். புளித்தால் அமிலம், பெயிண்ட் உரிந்த இடத்தில் தகட்டை அரிக்கும். ஒரு வாளி தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும், அன்றைக்கே கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

பின்தொட்டி என்றதும் இன்னொன்று. பிளாஸ்டிக் லைனர் போட்டிருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது அதைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டத்தில் அது ஆடி ஆடிப் பெயிண்டை உரித்திருக்கும், அடியில் தண்ணீரும் மண்ணும் தங்கியிருக்கும். மேலே லைனர் பளபளப்பு, கீழே சல்லடை. நான் ரப்பர் மேட்தான் போடுகிறேன், மார்க்கெட்டிலிருந்து வந்ததும் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிடுவேன். தூக்க முடியாத கனத்தில் எதையும் பின்தொட்டியில் போடாதீர்கள், தூக்க மாட்டீர்கள்.

9 பிப்ரவரி

கண்ணாடி ரப்பர் நிஜமாகவே ஒழுகுகிறவர்களுக்கு.

வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கானைத் தொடவே வேண்டாம். அது உலரும்போது அசிட்டிக் அமிலம் வெளியே விடும், பெயிண்ட் இல்லாத தகட்டில் பட்டால் துருவுக்கு அழைப்பிதழ். பிறகு அந்த இடத்தில் பெயிண்டும் ஒட்டாது. ரப்பர் இன்னும் மிருதுவாக இருந்தால், இறுகாத வகைக் கண்ணாடி சீலண்ட் வாங்கி, ரப்பரின் உதட்டை பிளாஸ்டிக் ஸ்பூன் காம்பால் தூக்கி, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே செலுத்துங்கள். பிதுங்குவதை டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

ரப்பர் கல்லாகிவிட்டால் புதிது மாட்டுவதுதான் வழி. கண்ணாடியைக் கழற்றியதும் சட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கீழ் மூலைகளில் தகடு செதில் செதிலாக எழும்பியிருக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதுதான் ரப்பரைத் தள்ளிவிட்டு வழி கொடுக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது ரப்பர் போட்டால் புது ரப்பரும் ஒழுகும்.

மாட்டுவது இருவர் வேலை. ரப்பரைக் கண்ணாடியில் போட்டு, அதன் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையும் கீழே நடுவில் தொங்க விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைச் சட்டத்தில் வையுங்கள். வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்டிக்கொடுக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல உருவ, ரப்பர் உதடு சட்டத்தைத் தாண்டி 'டுப்' 'டுப்' என்று உள்ளே வந்து உட்காரும். மூலையில் அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

10 பிப்ரவரி

கதவுப் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்தெறிந்துவிடுவார்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. கதவுக்குள் இறங்குகிற நீரைத் துளைப் பக்கம் திருப்புவதே அதுதான். தடித்த பாலித்தீனை வெட்டி, கீழ் விளிம்பைக் கதவின் உட்பக்கம் செருகி ஒட்டுங்கள். நனைந்த தரைகளில் பாதி இதனால்தான் என்பது என் கணிப்பு.

22 பிப்ரவரி

டோங்காட்டிலிருந்து ஒரு அங்கிள், பழைய ஹைலக்ஸ் வைத்திருப்பவர், கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடித்து, மண் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் போதுமாம், ஒரு வண்டியும் துருப்பிடிக்கவில்லையாம்.

அங்கிள், நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. எண்ணெய்ப் படலம் நீரைத் தள்ளும், மறுப்பதற்கில்லை. ஆனால் எஞ்சினிலிருந்து எடுத்த ஆயிலில் எரிந்த கழிவும் அமிலமும் இருக்கின்றன, தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புற்றுநோய் ஆபத்து. ரப்பர் புஷ் ஊதிப்போகும். முதல் மழையில் ஒழுகி வாய்க்காலில் போய், அங்கிருந்து ஆற்றில், அங்கிருந்து நீங்கள் தூண்டில் போடுகிற கடலில். அதே வேலையை லானோலின் செய்கிறது. ஆட்டுரோமக் கொழுப்புதான், இந்த நாட்டில் ஆட்டுக்கா பஞ்சம்? இடுக்குகளில் ஊர்ந்து போகும், இறுகாது, விரிசல் விடாது. அதுவும் இயற்கை ரப்பரை ஊத வைக்கும் என்பதால் புஷ் மேல் படாமல் அடிக்க வேண்டும். மெழுகு வகை ஸ்ப்ரேயும் நல்லதுதான், சில்லுக்குள் விட நீளக் குழாயோடு வருவதை வாங்குங்கள்.

ஹைலக்ஸுக்குத் தனிச் சேசிஸ் என்பதால் ஒரு பரிசோதனை. சின்னச் சுத்தியலால் சேசிஸ் நெடுக, பின்சக்கரத்துக்கு மேல் வளைகிற இடத்தில் முக்கியமாக, தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். 'தொப்' என்றால் உள்ளேயிருந்து தின்றிருக்கிறது. அது வெல்டருக்கான வேலை, ஸ்ப்ரேக்கு இல்லை. வண்டி கை மாறும்போது ரோட்வொர்தி சோதனையில் அங்கேதான் பார்ப்பார்கள்.

23 பிப்ரவரி

அங்கிள் தட்டிப் பார்த்தாராம். முழுக்கக் கணீர். "எல்லாம் பழைய ஆயில்" என்று ஒரே வரியில் பதில். சரி அங்கிள், இந்த ரவுண்டு உங்களுக்கு.

15 மார்ச்

துரு மாற்றி திரவம் பற்றி நிறைய குழப்பம் இருக்கிறது. பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள்: டானிக் அமில வகை துருவை நீலக் கருப்பாக மாற்றும், பாஸ்பாரிக் அமில வகை சாம்பல் பூத்தாற்போல விடும். இரண்டுமே மெல்லிய துருவுக்குத்தான். செதில் நிற்கிற இடத்தில் மேல் தோலை மட்டும் மாற்றும், அடியில் அது பாட்டுக்கு அரித்துக்கொண்டிருக்கும். எனவே முதலில் சுத்தியல், அப்புறம் வயர் பிரஷ், அப்புறம்தான் பாட்டில்.

துரு மாற்றி அடித்து அதன்மேல் சிங்க் பிரைமர் அடிப்பவர்களும் உண்டு. சிங்க் நேராக இரும்பைத் தொட்டால்தான் இரும்புக்குப் பதில் தான் அரிபடும், நடுவே ஒரு படலம் இருந்தால் அது வெறும் சாம்பல் நிறப் பெயிண்ட். சுத்தமான தகடு கிடைத்தால் சிங்க். இல்லையென்றால் இரண்டு பாகம் கலக்குகிற எபாக்ஸி. சாதாரண டப்பா பிரைமரை மட்டும் அடித்துவிட்டு மாதக் கணக்கில் மழையில் விடாதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும்.

ஓட்டைக்குப் பட்டி போட்டு அடைப்பதும் இதே கதை. பட்டி பின்பக்கமிருந்து ஈரம் குடிக்கும். அலுமினியத் தகட்டை வைத்து ரிவெட் அடிப்பது அதைவிட மோசம், உப்பு நீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றதைத் தின்னும். நல்ல தகடு வரும்வரை வெட்டி, அதே இரும்பை வைத்து வெல்டு, எபாக்ஸி, இடுக்குக்கு சீலர், பெயிண்ட், உட்பக்கம் மெழுகு. வெல்டுக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கால்வனைஸ்டு தகடு என்றால் ஓரத்தின் சிங்க்கைத் தேய்த்துவிட்டுப் பற்றவையுங்கள், அந்தப் புகை காய்ச்சல் வரவைக்கும்.

12 ஏப்ரல்

2022இல் இதே நாட்களில்தான் டர்பனில் அந்த வெள்ளம். ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே மூழ்கியது. அதில் நனைந்து, கழுவி, பாலிஷ் போட்டு விற்ற பக்கிகள் இன்னும் சுற்றுகின்றன. வாங்கப் போகிறவர் சீட்டுக்குப் பின்னால் தரை மெத்தையைத் தூக்கி, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்க்கவும். கடைசி அடியில் மண் கோடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

28 ஜூன்

சார்டீன் மீன் வந்தாச்சு, என் வண்டிக்குச் சனி பிடித்தாச்சு. மச்சான் டோட்டி (அமன்சிம்டோட்டி) கடற்கரைப் பக்கமிருந்து கூடை கூடையாக ஏற்றிவந்து, சொட்டச் சொட்டப் பின்தொட்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடல் நீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அது பின்கதவு மூட்டில் இறங்கினால் அடுத்த கோடைக்குள் தெரியும்.

2002 ஜனவரியிலிருந்து கடற்கரை மணலில் வண்டி ஓட்டத் தடை வந்தது துருவுக்கும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. ஆனால் படகு இறக்குகிறவர்கள் இன்றும் டிரெய்லரோடு அலையில் பின்னால் போகிறார்கள். அவர்களுக்கும் மச்சானுக்கும் ஒரே வைத்தியம்: தோட்டத்துக்கு நீர் தெளிக்கிற ஸ்பிரிங்ளரை வண்டிக்கு அடியில் வைத்துத் திறந்துவிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பிரஷர் வாஷர் உப்பை இடுக்குக்குள் தள்ளும். ஸ்பிரிங்ளர் கரைத்து இறக்கும். அப்புறம் வண்டியைக் காற்றாட வெளியே நிறுத்துங்கள். ஈர வண்டியை மூடிய கராஜில் அடைப்பதைவிட மரத்தடி மேல்.

மாமரத்தடி இல்லை.

6 ஜூலை

ஃபீனிக்ஸ் தம்பி இரண்டாவது பக்கி தேடுகிறார். "ஜிபி, அதாவது ஜோபர்க் மாகாண நம்பர் பிளேட் என்றால் கண்ணை மூடி வாங்கலாமா? ஜோபர்க் வண்டிக்குத் துரு இருக்காதே" என்கிறார்.

துரு குறைவாக இருக்கும், சரிதான். ஆனால் பிளேட் ஜிபியாக இருந்து, வண்டி பத்து வருஷம் மார்கேட் என்கிற கடலோர ஊரில் நின்றிருக்கலாம். கதவுத் துளையும் சில்லும் சொல்வதை நம்பு, பிளேட்டை இல்லை. அசல் ஜோபர்க் மேட்டு நில வண்டியாகவே இருந்தாலும் அங்கே வெயில் கடுமை. கண்ணாடி ரப்பர், கதவு பீடிங் எல்லாம் காய்ந்து வெடித்திருக்கும். அங்கே காய்ந்த குளிர்காலத்தில் அது யாருக்கும் தெரியாது, நம் ஊரில் முதல் அக்டோபர் மழையில் தெரியும். நகத்தால் அழுத்திப் பார், தடம் பதியாவிட்டால் ரப்பர் போச்சு. முன், பின், இரண்டு கதவு என்று நான்குக்கும் விலை விசாரித்து வைத்துக்கொண்டு, அதைக் கழித்துக்கொண்டு பேசு.